கம்ப்யூட்டர்ல பளிச்சுன்னு இருக்கிற அனிமேஷன் டிவிடில ஏன் கலங்கிப்போகுது

கேள்வி என்னன்னா: 12 நிமிஷ 2டி அனிமேஷன், 1920க்கு 1080, செகண்டுக்கு 24 ஃப்ரேம், எம்பி4-ஆ எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு இலவச டிவிடி சாஃப்ட்வேர்ல போட்டு 'பெஸ்ட் குவாலிட்டி'ன்னு டிக் அடிச்சு ரைட் பண்ணியாச்சு. டிவில போட்டா அவுட்லைன் எல்லாம் பல் பல்லா இருக்கு, முகத்தைச் சுத்தி அழுக்கு மாதிரி ஏதோ நெளியுது, கலர் வெளுத்திருக்கு, கேமரா நகர்ற ஷாட்ல உருவம் ரெண்டு ரெண்டா தெரியுது. டிஸ்க் பிராண்டை மாத்தணுமா, ரைட்டரை மாத்தணுமா, இல்ல ரைட் பண்ற ஸ்பீடைக் குறைச்சா சரியாகுமா?

மூணும் வேண்டாம். டிஸ்க்ல எழுதறதுங்கிறது வெறும் காப்பி வேலை, ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற அதே 0, 1 தான் அங்கயும் போய் உக்காரும், போதாததுக்கு ரீட்-சாலமன்னு ஒரு எரர் கரெக்ஷன் வேற கூடவே எழுதப்படுது, சின்னக் கீறல் தூசி எல்லாம் வந்தா ப்ளேயர் அதை வெச்சே சரி பண்ணிக்கும். அதுவும் சமாளிக்க முடியாத அளவுக்கு டிஸ்க் மோசமா இருந்தா படம் நின்னு நின்னு ஓடும், கட்டம் கட்டமா உடையும், பாதில ப்ளேயர் கையை விரிச்சிடும். ஆனா கொஞ்சம் மங்கலா, கொஞ்சம் வெளுப்பா ஓடவே ஓடாது. மங்கல், வெளுப்பு, அழுக்கு இதெல்லாம் தெரியுதுன்னா டிஸ்க் மேல பழி போடாதீங்க, அது எழுதறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்ச விஷயம்.

நம்பிக்கை இல்லன்னா இப்பவே சோதிச்சுக்கலாம். உங்க சாஃப்ட்வேர்ல டிஸ்க்ல எழுதாம ஹார்ட் டிஸ்க்லயே வீடியோ-டிஎஸ் ஃபோல்டராவோ ஐஎஸ்ஓ ஃபைலாவோ சேவ் பண்ற ஆப்ஷன் இருக்கும், அப்படி சேவ் பண்ணி விஎல்சில ஓட்டிப் பாருங்க. அதே அழுக்கு அங்கயும் தெரிஞ்சா கன்வெர்ட் பண்றப்பவே கெட்டிருக்கு. அங்க சுத்தமா இருந்து டிவில மட்டும் அசிங்கமா இருந்தா ப்ளேயர், கேபிள், டிவி செட்டிங் இதுல ஏதோ ஒண்ணு. இந்த ஒரு டெஸ்ட்டைப் பண்ணாம ஆளாளுக்கு டிஸ்க்கா வாங்கி வீணடிச்சிட்டு இருக்காங்க.

எதை மீட்க முடியும், எதை முடியாதுன்னு முதல்ல பேசிடுவோம், இல்லன்னா கடைசி வரைக்கும் திருப்தியே வராது. டிவிடி-வீடியோங்கிறது 1996-ல வெளிவந்த ஃபார்மட். பால் (PAL, இந்தியா மாதிரி நாடுகளோட டிவி முறை) முறைல 720க்கு 576, செகண்டுக்கு 25 ஃப்ரேம், என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்கா மாதிரி நாடுகளோட டிவி முறை) முறைல 720க்கு 480, செகண்டுக்கு 29.97 ஃப்ரேம், அவ்வளவுதான் அதோட எல்லை. உங்க ஒரிஜினல்ல ஒரு ஃப்ரேமுக்கு 20,73,600 பிக்சல், பால் டிவிடில 4,14,720, கணக்கு போட்டா சரியா அஞ்சுல ஒரு பங்கு. மீதி நாலு பங்கு போனது போனதுதான், எந்த செட்டிங்காலயும் வராது, பெரிய டிவில அந்த 4 லட்சத்தை இழுத்துக் காட்டும்போது படம் கொஞ்சம் சாஃப்ட்டாத்தான் தெரியும். அதை ஏத்துக்கணும். ஆனா அழுக்கு, பல், வெளுப்பு, ரெட்டை உருவம் இந்த நாலுமே டிவிடியோட குத்தம் இல்ல, இதையெல்லாம் சரி பண்ணிடலாம்.

அனிமேஷன் மட்டும் ஏன் இவ்வளவு அடிவாங்குது, அதே சாஃப்ட்வேர்ல கேமரால எடுத்த வீடியோவைப் போட்டா சுமாராவாவது வருதே? டிவிடில வீடியோ எம்பெக்-2ங்கிற கோடெக்ல, அதாவது வீடியோவை நசுக்கிச் சின்னதாக்கற ஒரு முறைல இருக்கும். அது படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களா வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளோட கூட்டா மாத்தி, கண்ணுக்கு அவ்வளவா தெரியாதுன்னு நினைக்கிற நுணுக்கமான அலைகளைத் தூக்கிப் போட்டுடும். நிஜ வீடியோல எதுவுமே கத்தி மாதிரி ஷார்ப்பா இருக்காது, எல்லா ஓரத்துலயும் லேசான மங்கல் இருக்கும், தோல், துணி, இலைன்னு டெக்ஸ்சரும் நிறைய இருக்கிறதால கொஞ்சம் அழுக்கு சேர்ந்தா அதுலயே மறைஞ்சிடும். அனிமேஷன் இதுக்கு நேர் எதிர். ஒரு பக்கம் சுத்தமான ஒரே கலர், அதை ஒட்டியே கறுப்பு அவுட்லைன். அந்தக் கோட்டைச் சரியா காட்டணும்னாலே தூக்கிப்போட்ட அந்த நுணுக்கமான அலைகள் வேணும். அது இல்லாததால கோட்டோட மிச்சம் கட்டம் பூரா தெறிக்கும்.

உங்க டிஸ்க்ல ஒரு க்ளோசப்பை பாஸ் பண்ணி ஸ்க்ரீனுக்குக் கிட்டப் போய்ப் பாருங்க. மஞ்சள் முகம்னு வெச்சுக்கோங்க, கன்னத்தோட நடுவுல சுத்தமாத்தான் இருக்கும், தாடைக் கோட்டை ஒட்டின சில பிக்சல்ல மட்டும் கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் வெளிர் மஞ்சள்னு புள்ளி புள்ளியா இருக்கும், சரியா ஒரு கட்டத்தோட எல்லைல அது டக்குனு நின்னுடும். ப்ளே பண்ணா ஒவ்வொரு ஃப்ரேம்லயும் அந்தப் புள்ளிகள் இடம் மாறும், அதனாலதான் நெளியற மாதிரி தெரியுது. மஸ்கிட்டோ நாய்ஸ்னு சொல்றது இதைத்தான். எம்பி4-ல பெரும்பாலும் இருக்கிற எச்.264 கோடெக்ல கட்டத்தோட ஓரங்களை வழவழப்பாக்கற ஃபில்டர் கோடெக்குக்குள்ளேயே இருக்கு, எம்பெக்-2ல அது கிடையாது. அதனால கம்ப்யூட்டர்ல 5 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு 5 மெகாபிட், இதைத்தான் பிட்ரேட்னு சொல்றது) எம்பி4 அழகா இருந்துச்சே, டிவிடிலயும் அதே 5 எம்பிபிஎஸ்தானேன்னு ஒப்பிடவே கூடாது.

இன்னொண்ணு கலர். டிவிடில வெளிச்சம் மட்டும்தான் முழு 720க்கு 576, கலர் தகவல் அகலத்துலயும் உயரத்துலயும் பாதிதான், அதாவது 360க்கு 288. நீல வானத்து முன்னாடி செக்கச் சிவப்பு சட்டை போட்ட கேரக்டர் நின்னா அந்த ஓரம் கசிஞ்ச மாதிரி தெரியறது இதனாலதான். அதைத் தடுக்க முடியாது, ஆனா நடுவுல ஒரு கறுப்புக் கோடு இருந்தா கண்ணுக்குத் தெரியாது. டிவிடிக்குன்னே வரையறவங்க அவுட்லைன் இல்லாத ஸ்டைல்ல அடர் சிவப்பையும் அடர் நீலத்தையும் ஒட்டி வைக்காம இருந்தா நல்லது.

சரி, வேலைக்கு வருவோம். முதல் தப்பு நடக்கிற இடம் எக்ஸ்போர்ட். நீங்க எம்பி4-ஆ எக்ஸ்போர்ட் பண்ணீங்களே, அங்கயே ஒரு தடவை நசுங்கிடுச்சு, அதை டிவிடி சாஃப்ட்வேர் எடுத்து எம்பெக்-2-ஆ மறுபடி நசுக்குது. முதல் தடவை வந்த கண்ணுக்குத் தெரியாத அழுக்கை ரெண்டாவது என்கோடர் இதுவும் படம்தான்னு நினைச்சு அதுக்கும் பிட் செலவு பண்ணும், நிஜப் படத்துக்குப் பிட் குறையும். அதனால அனிமேஷன் சாஃப்ட்வேர்ல இருந்து வெளிய வர்ற ஃபைல் நசுங்காததா இருக்கணும். என்னைக் கேட்டா பிஎன்ஜி சீக்வென்ஸா (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு தனிப் படமா) ரெண்டர் பண்ணி ஆடியோவைத் தனியா வேவ் ஃபைலா எடுக்கறதுதான் பெஸ்ட், ரெண்டர் நடுவுல நின்னாலும் விட்ட ஃப்ரேம்ல இருந்து தொடரலாம், தப்பான பத்து ஃப்ரேமை மட்டும் மாத்திப் போடலாம். சீக்வென்ஸ் தொல்லைன்னா யுடி வீடியோ, லகாரித் மாதிரி லாஸ்லெஸ் கோடெக்ல ஏவிஐ, இல்ல ப்ரோரெஸ் 4444-ல எம்ஓவி, இது கொஞ்சம் நசுக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாது. ஃபைல் சைஸ் ஜிபி கணக்குல போகும், பயப்படாதீங்க, வேலை முடிஞ்சதும் வேணும்னா அழிச்சுக்கலாம். ஏற்கனவே ப்ராஜெக்ட் ஃபைலே இல்ல, எம்பி4 மட்டும்தான் கைல இருக்குன்னா வேற வழியில்ல, அதையே வெச்சு கீழ சொல்றதையெல்லாம் பண்ணுங்க, பாதிப் பலனாவது கிடைக்கும்.

அடுத்து ஃப்ரேம் ரேட், உங்களோட ரெட்டை உருவம் இங்கதான் வருது. 24 ஃப்ரேம் படத்தை 25-ஆ மாத்தச் சொன்னா சாஃப்ட்வேர் நிறைய தடவை பக்கத்துப் பக்கத்து ஃப்ரேமைக் கலந்து புதுசா ஒண்ணு தயாரிச்சு நடுவுல சொருகும், ஃப்ரேம் பிளெண்டிங்ன்னு அதுக்குப் பேர், சில எடிட்டர்ல ரீசாம்பிள்னு இருக்கும். கேமரா வீடியோல அது மோஷன் பிளர் மாதிரி போயிடும், அனிமேஷன்ல கறுப்புக் கோடு ரெண்டு சாம்பல் கோடா நிக்கும். இதைக் கண்டிப்பா ஆஃப் பண்ணுங்க. பால் டிஸ்க்னா சரியான வழி ஒண்ணே ஒண்ணு: ஃப்ரேமைத் தொடாம 24-ஐ அப்படியே 25-ன்னு அறிவிச்சு ஓட விடறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்ல போய் 25ன்னு போட்டா போதும். படம் 4 சதவீதம் வேகமாகும், உங்க 12 நிமிஷம் 11 நிமிஷம் 31 செகண்ட் ஆகும், யாருக்கும் தெரியாது. ஆடியோவையும் அதே அளவு சுருக்கணும், சும்மா வேகப்படுத்தினா குரல் லேசா மேல ஏறும், பிட்ச் மாறாம சுருக்கற ஆப்ஷன் பெரும்பாலான ஆடியோ எடிட்டர்ல இருக்கு. சினிமாப் படங்களையே பால் டிவிடில இப்படித்தான் காலங்காலமா போட்டுட்டு இருந்தாங்க.

என்டிஎஸ்சி டிஸ்க்னா 24-ஐ 23.976-ன்னு வெச்சு புல்டவுன் ஃப்ளாகோட என்கோட் பண்ணணும், டிஸ்க்ல 24 ஃப்ரேம்தான் இருக்கும், ப்ளேயரே ஃபீல்டுகளைத் திருப்பித் திருப்பிக் காட்டி 29.97 கணக்குக்குக் கொண்டு வந்துடும். பிட்டும் மிச்சம், பிளெண்டிங்கும் கிடையாது. ஆனா 480 கோடுதான், பால்ல 576. ரெண்டும் ஓடும்னா அனிமேஷனுக்கு நான் பாலைத்தான் எடுப்பேன், அந்தக் கூடுதல் 96 கோடு அவுட்லைன்ல நல்லாவே தெரியும். ஒருவேளை நீங்க 30 ஃப்ரேம்ல வரைஞ்சிருந்தா கதையே வேற, அதை 25 ஆக்க நல்ல வழியே இல்ல, பேசாம என்டிஎஸ்சிக்குப் போயிடுங்க, பால் ஊர் ப்ளேயர்கள்ல பெரும்பாலும் என்டிஎஸ்சி டிஸ்க் ஓடிடும், என்டிஎஸ்சி ஊர்லதான் பால் டிஸ்க் தகராறு பண்ணும்.

பல் பல்லா தெரியறதுக்கு வருவோம். இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஒண்ணு இன்டர்லேஸ். டிவிடி சாஃப்ட்வேர்ல பாதிக்கு மேல வர்ற வீடியோ எல்லாமே கேம்கார்டர்ல எடுத்ததுன்னு நினைச்சுக்கிட்டு ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடுன்னு ரெண்டு ஃபீல்டா பிரிச்சு வேலை செய்யும். சைஸ் குறைக்கும்போதும் ஃபீல்டு ஃபீல்டா குறைச்சா ஒவ்வொண்ணுக்கும் 288 கோடுதான், சாய்வான அவுட்லைன் எல்லாம் படிக்கட்டாயிடும். உங்க அனிமேஷன் புராக்ரெஸிவ், அதாவது ஃபீல்டா பிரியாத முழு ஃப்ரேம், அதை எல்லா இடத்துலயும் புராக்ரெஸிவ்னே சொல்லணும்: சோர்ஸ் செட்டிங்ல, ரீசைஸ்ல, என்கோடர்ல. ஃபீல்டு ஆர்டர்னு கேட்டா 'நோ ஃபீல்ட்ஸ்' இல்ல 'புராக்ரெஸிவ்' கொடுங்க, அந்த ஆப்ஷனே இல்லாத சாஃப்ட்வேரா இருந்தா அந்த சாஃப்ட்வேரை விட்டுடுங்க. கலர் ஓரங்கள்ல சீப்புப் பல் மாதிரி வர்றதுக்கும் இதே காரணம் உண்டு, புராக்ரெஸிவ் படத்துல இன்டர்லேஸ்னு ஃப்ளாக் இருந்தா ப்ளேயர் கலரைத் தப்பான வரிசைல விரிச்சுக் காட்டும், சிவப்புல இது பளிச்சுன்னு தெரியும்.

ரெண்டாவது காரணம் சைஸ் குறைக்கிற முறை. எளிமையான சாஃப்ட்வேர்கள் வேகத்துக்காக மட்டமான ஸ்கேலர் வெச்சிருக்கும், நடுவுல இருக்கிற பிக்சலைத் தாண்டிக் குதிச்சுப் போகும், கோடு அங்கங்க அறுந்து அறுந்து தெரியும். எடிட்டர்லயோ எஃப்எஃப்எம்பெக்ங்கிற இலவச கன்வெர்ட்டர்லயோ பைக்யூபிக் இல்ல லான்சோஸ் ஸ்கேலிங் வெச்சு நீங்களே 720க்கு 576-ஆ குறைச்சுட்டு அப்புறம் என்கோடருக்குக் கொடுங்க. லான்சோஸ் ரொம்ப ஷார்ப்பா இருக்கும், கறுப்புக் கோட்டை ஒட்டி மெலிசா ஒரு வெள்ளை நிழல் விழும், அனிமேஷனுக்கு பைக்யூபிக்கே போதும்னு எனக்குத் தோணுது, ஷார்ப்பா இருக்க இருக்க எம்பெக்-2 திணறும்ங்கிறதையும் மறக்கக்கூடாது. இங்க ஷார்ப்பன் ஃபில்டர் போடறவங்களைப் பார்த்தா எரிச்சலா வருது, மங்கலா இருக்குன்னு ஷார்ப்பன் போடுவாங்க, மஸ்கிட்டோ நாய்ஸ் ரெண்டு மடங்காகும், இன்னும் மங்கலா தெரியுதேன்னு இன்னும் கொஞ்சம் போடுவாங்க.

இதோட ஒட்டின விஷயம், டிவிடில பிக்சல் சதுரம் கிடையாது. 720க்கு 576ங்கிறது 16:9-ம் இல்ல 4:3-ம் இல்ல. 1920க்கு 1080-ஐ மேல கீழ கறுப்புப் பட்டை போடாம அப்படியே 720க்கு 576-க்குள்ள அமுக்கணும், கேரக்டர் எல்லாம் ஒல்லியா நீளமா தெரியும், அது சரிதான், அப்புறம் ஆதரிங்ல (வீடியோ, ஆடியோவை டிவிடி அமைப்புக்குக் கட்டற வேலைல) 16:9-ன்னு ஃப்ளாக் கொடுத்தா டிவி விரிச்சுக் காட்டிடும். கறுப்புப் பட்டை போட்டு 4:3-ஆ பண்ணினா இருக்கிற 576 கோட்டுல நாலுல ஒரு பங்கு பட்டைக்கே போயிடும், 432 கோடுதான் மிஞ்சும். ஏற்கனவே அஞ்சுல ஒரு பங்குல இருக்கோம், அதுலயும் இது.

இன்னும் வரையற ஸ்டேஜ்லயே இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். 1080-ஐ 576-ஆ குறைச்சா உயரத்துல சுமார் 1.9 பிக்சல் ஒண்ணாகும், அகலத்துல 2.7 பிக்சல் ஒண்ணாகும். நீங்க 2 பிக்சல்ல போட்ட மெல்லிய கோடு டிவிடில ஒரு கோடு அளவுக்குத்தான் வரும், செங்குத்துக் கோடுன்னா ஒரு பிக்சல் கூட முழுசா இல்ல, சாம்பலா மாறிடும். பழைய டிவில ஒரே கோடு அகலம் இருக்கிற படுக்கைக்கோடு ஒரு ஃபீல்டுல வரும், அடுத்ததுல வராது, அதனால மினுங்கிக்கிட்டே இருக்கும். டிவிடி தான் போய்ச் சேர்ற இடம்னு தெரிஞ்சா 1080-ல அவுட்லைனை 5, 6 பிக்சலுக்குக் குறையாம வையுங்க. வரைஞ்சு முடிச்சாச்சுன்னா மேலிருந்து கீழா மட்டும் அரை பிக்சல் பிளர் கொடுத்தா மினுங்கறது அடங்கும். டைட்டில் எழுத்தையும் ஓரத்துல இருந்து 10 சதவீதம் உள்ள தள்ளி வையுங்க, சில டிவி ஓரத்தை வெட்டித்தான் காட்டும்.

இப்ப பிட்ரேட், அழுக்குக்கு முக்கியமான மருந்து இதுதான். டிவிடில வீடியோவுக்கு அதிகபட்சம் 9.8 எம்பிபிஎஸ், ஆடியோ எல்லாம் சேர்த்து மொத்தம் 10.08. ஒரு சாதா சிங்கிள் லேயர் டிஸ்க்ல 4.7 ஜிபி, கம்ப்யூட்டர் கணக்குல 4.37ன்னு காட்டும். ரெண்டு மணி நேரப் படம் போட்டா சராசரி 5.2 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும், ஒன்றரை மணி நேரத்துக்கு 6.9, ஒரு மணி நேரம்னா மேல் எல்லையே தொட்டுடலாம். உங்களுது வெறும் 12 நிமிஷம். 8 எம்பிபிஎஸ் வீடியோ, கூட ஏசி3 ஆடியோ போட்டாலும் 740 எம்பி அளவுக்குத்தான் வரும், டிஸ்க்ல ஆறுல ஒரு பங்கு கூட இல்ல. ஆனா அந்த 'பெஸ்ட் குவாலிட்டி' பட்டன் என்ன பண்ணியிருக்கும்னு யாருக்குத் தெரியும், சில சாஃப்ட்வேர் 5, 6-லயே நின்னுடும், எஃப்எஃப்எம்பெக்கோட டிவிடி ப்ரீசெட் கூட நீங்க எதுவும் சொல்லலன்னா 6-தான் எடுத்துக்கும். டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்க, எழுதின பகுதி நிறம் மாறித் தெரியும், உள் வட்டத்துல மெலிசா ஒரு வளையம்தான் இருக்குன்னா மிச்ச இடம் எல்லாம் சும்மாதான் கிடக்கு. அது உங்க இடம், உபயோகப்படுத்துங்க.

குறும்படத்துக்கு நேரா சிபிஆர்ல (முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே பிட்ரேட்) 8 இல்ல 8.5 எம்பிபிஎஸ் போட்டுடுங்க, டூ பாஸ் எல்லாம் தேவையே இல்ல. 9.8 வரைக்கும் போகாதீங்க, ரைட் பண்ணின டிஸ்க்கைப் படிக்கறதுல சில ப்ளேயர் அந்த வேகத்துக்கு மூச்சு வாங்கும். நீளமான படம்னா டூ பாஸ் விபிஆர் (முதல் சுத்துல படத்தை அலசி, ரெண்டாவது சுத்துல தேவைக்கேத்த மாதிரி பிட்ரேட்டை ஏத்தி இறக்கற முறை), சராசரி கணக்கு போட்டு வர்றது, மேக்ஸிமம் 8.5, மினிமத்தை மட்டும் ரொம்பக் கீழ விடாதீங்க, ஒரு 2 எம்பிபிஎஸ்னாவது வையுங்க. இதை ஏன் சொல்றேன்னா, அனிமேஷன்ல ஒரே டிராயிங்கை ரெண்டு ரெண்டு ஃப்ரேமுக்கு ஓட்டுவோம், பேக்கிரவுண்டு அசையவே அசையாது, என்கோடர் அட இங்க வேலையே இல்லன்னு பிட்டைச் சுருட்டிக்கும். அப்ப என்ன ஆகும்னா அசையாத சுவர் அரை செகண்டுக்கு ஒரு தடவை லேசா துடிக்கும், ஒவ்வொரு ஐ-ஃப்ரேம் (மத்த ஃப்ரேமைச் சார்ந்திராம முழுசா எழுதப்படற ஃப்ரேம்) வரும்போதும் படம் புதுசா எழுதப்படும், அந்தப் புது அழுக்கு பழைய அழுக்குல இருந்து வேற மாதிரி இருக்கும், அதான் அந்தத் துடிப்பு. பிட்ரேட் ஏத்தினா இது போயிடும், ஜிஓபி-யை (ஒரு ஐ-ஃப்ரேம்ல இருந்து அடுத்தது வரைக்கும் இருக்கிற ஃப்ரேம் எண்ணிக்கையை) 12-ல இருந்து 15-க்கு நீட்டினாலும் குறையும், பால்ல 15-தான் எல்லை, என்டிஎஸ்சில 18.

சாயங்கால வானம் மாதிரி கிரேடியன்ட் வர்ற இடத்துல பட்டை பட்டையா தெரிஞ்சா பிட்ரேட்டை மட்டும் ஏத்தினா பத்தாது, என்கோடர்ல இன்ட்ரா டிசி ப்ரிசிஷன்னு ஒரு செட்டிங் இருக்கும், 8-ன்னு இருக்கிறதை 10 ஆக்குங்க, ஹெச்சி என்கோடர், டிஎம்பிஜிஎன்க் மாதிரி கொஞ்சம் சீரியஸான என்கோடர்ல எல்லாம் இது இருக்கு. கூடவே வானத்துல மட்டும் லேசா கிரெய்ன் சேர்த்தா பட்டை கரைஞ்சிடும், அளவா சேருங்க, கிரெய்னுக்கும் பிட் செலவாகும்.

வெளுப்புக்குக் காரணம் பெரும்பாலும் ரேஞ்ச். கம்ப்யூட்டர்ல கறுப்பு 0, வெள்ளை 255. டிவிடில கறுப்பு 16, வெள்ளை 235. ஒரு தடவை மாத்தினா சரி, எக்ஸ்போர்ட்ல ஒரு தடவை, டிவிடி சாஃப்ட்வேர்ல இன்னொரு தடவைன்னு ரெண்டு முறை சுருங்கிடுச்சுன்னா கறுப்பு சாம்பலாவும் வெள்ளை அழுக்காவும் வரும். எடிட்டர்ல 'பிராட்காஸ்ட் சேஃப்', 'லிமிட்டெட் ரேஞ்ச்' மாதிரி ஃபில்டர் ஏதாவது போட்டிருந்தா எடுத்துடுங்க, மாத்தற வேலையை என்கோடர் மட்டும் பண்ணட்டும். வெளுக்காம சிவப்பும் பச்சையும் மட்டும் கொஞ்சம் வேற ஷேடா தெரிஞ்சா அது 709, 601 குழப்பம், ஹெச்டி வீடியோவுக்கு ஒரு கலர் கணக்கு, டிவிடிக்கு ஒரு கணக்கு, சைஸை மட்டும் குறைச்சுட்டு இதை மாத்தாம விட்டுட்டாங்கன்னு அர்த்தம். பிஎன்ஜில இருந்து போனா ஆர்ஜிபி-ல இருந்து நேரா 601-க்குப் போயிடலாம், இந்தச் சிக்கலே இல்ல, சீக்வென்ஸ் பிடிக்கும்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் பண்ணி அழகா ஒரு எம்பெக்-2 ஃபைல் தயார் பண்ணி, அதை மறுபடி அந்த இலவச டிவிடி சாஃப்ட்வேர்ல போட்டா அது தன் பாட்டுக்குத் திரும்ப ஒரு தடவை என்கோட் பண்ணி வெச்சிடும், இதைக் கவனிங்க. டிவிடிஸ்டைலர்ல வீடியோ ஃபார்மட்டை 'காப்பி'ன்னு மாத்தணும், அடோபி என்கோர்ல 'டோன்ட் டிரான்ஸ்கோட்'னு காட்டணும். சாஃப்ட்வேர் 12 நிமிஷப் படத்துக்கு நிமிஷக் கணக்குல சிபியூ-வைப் போட்டு வாட்டுச்சுன்னா திரும்ப என்கோட் பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கலாம், சும்மா காப்பின்னா சட்டுனு முடிஞ்சிடும். கடைசில வர்ற விஓபி ஃபைலோட சைஸ் நீங்க போட்ட வீடியோ, ஆடியோ ரெண்டையும் கூட்டினதுக்குக் கிட்டத்தட்ட சமமா இருக்கணும், பாதியா இருந்தா யாரோ கை வெச்சிருக்காங்க.

டிவி பக்கம் அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. மஞ்சள் பின் ஒண்ணு மட்டும் இருக்கிற கேபிள்ல பார்த்தா கலர் ஓரங்கள்ல புள்ளி ஊர்ந்துக்கிட்டே இருக்கும், மெல்லிய கோடுகள்ல வானவில் வரும், அனிமேஷன்ல அது ரொம்பவே மோசம். ஹெச்டிஎம்ஐ, இல்லன்னா காம்போனன்ட் கேபிள் மாட்டுங்க. டிவில ஷார்ப்னெஸைக் குறைங்க, மோஷன் ஸ்மூத்திங்கை ஆஃப் பண்ணுங்க, அது நடு ஃப்ரேமைக் கற்பனை பண்ணி கையையும் காலையும் பிசைஞ்சு வெச்சிடும்.

நேர்மையா ஒரு கேள்வி, டிவிடி-வீடியோதான் கண்டிப்பா வேணுமா? எந்தப் பழைய ப்ளேயர்லயும் ஓடணும்னா வேற வழி இல்ல, மேல சொன்னதுதான். பார்க்கறவங்ககிட்ட ப்ளூரே ப்ளேயர் இருக்குன்னா அதே சாதா டிவிடி டிஸ்க்லயே ஏவிசிஹெச்டி (ஹெச்டி வீடியோவுக்கான ஒரு டிஸ்க் ஃபார்மட்) முறைல எச்.264 முழு 1080-ஐயே எழுதலாம், 16 எம்பிபிஎஸ் போட்டாலும் உங்க 12 நிமிஷம் ஒன்றரை ஜிபிக்குள்ள முடிஞ்சிடும், நிறைய ப்ளூரே ப்ளேயர் அதை எடுத்துக்கும், 24-ஐ 23.976-ன்னு மட்டும் அறிவிச்சு ஃப்ரேமைத் தொடாம அப்படியே வெச்சுக்கலாம். கம்ப்யூட்டர்ல மட்டும்தான் பார்ப்பாங்கன்னா எம்பி4-ஐ டேட்டா டிஸ்க்கா எழுதிக் கொடுத்துடுங்க, ஒரு பிட் கூட மாறாது, இவ்வளவு நேரம் பேசினது எதுவுமே தேவைப்படாது.

டிவிடிதான்னு முடிவாச்சுன்னா முழுப் படத்தையும் உடனே எழுதாதீங்க. வேகமான பேன் ஒண்ணு, ஒரு டிசால்வ், ஒரு கிரேடியன்ட் வானம், சின்ன எழுத்து வர்ற டைட்டில்னு உங்க படத்துலயே ரொம்பச் சிரமமான ஒரு நிமிஷத்தை வெட்டி ரீரைட்டபிள் டிஸ்க்ல போட்டு, பார்க்கப்போற அதே டிவில ஓட்டிப் பாருங்க. டிசால்வ்ல கட்டம் உடைஞ்சா ஆச்சரியப்படாதீங்க, ரெண்டு படம் கலந்து மாறும்போது எம்பெக்-2 எப்பவுமே தடுமாறும், அங்க நேர் கட் வெச்சா பிரச்சனையே இல்ல, கதைக்கு டிசால்வ் வேணும்னா கொஞ்சம் சின்னதா வையுங்க. எல்லாம் சரின்னா முழுசா எழுதுங்க, ஸ்பீடு 8எக்ஸ் போதும், குவாலிட்டிக்காக இல்ல, பழைய ப்ளேயருக்குப் படிக்க லேசா இருக்கும்ங்கிறதுக்காக. வெரிஃபையை டிக் பண்ணுங்க, ஃபைனலைஸ் பண்ண மறக்காதீங்க, டிஸ்க் மேல பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாம மார்க்கர் பேனால எழுதிக்கோங்க, ஸ்டிக்கர் ஒரு பக்கம் உரிஞ்சா டிஸ்க் ப்ளேயருக்குள்ள ஆட ஆரம்பிச்சிடும்.